பத்திரத்தில் தண்ணீர் இருக்கிறதா?



வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்ததும் பத்தாவில் கால் வைக்க இடமிருக்காது. ரியாத்தின் நாலா பக்கத்திலிருந்தும் நம்மவர்கள் வந்து கூடிவிடுவார்கள். டீயும் வடையும் கைக்கு வந்ததும் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் நிலத்தில் வந்து நிற்கும். “நம்ம ஊர்ப் பக்கம் ஒரு இடம் வருதுண்ணே, பாருங்க” என்று ஒருவர் போனை நீட்டுவார். புரோக்கர் வரப்பில் நடந்தபடி எடுத்த வீடியோ அது. தென்னை தெரியும், தார் ரோடு தெரியும், தூரத்தில் ஒரு பம்ப்செட் கொட்டகை தெரியும். சுற்றி நிற்பவர்கள் சென்ட் என்ன விலை, ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம், பட்டா யார் பேரில் என்று கேட்பார்கள். கிணறு யாருடையது, வயலுக்குத் தண்ணீர் யார் நிலத்தின் வழியாக வருகிறது என்று கேட்பவர் அபூர்வம். கேட்கப்படாத அந்த இரண்டு கேள்விகளுக்காகத்தான் இந்த மாத ஆசிரியர் பக்கம்.

நாம் கூடும் பத்தாவே ஒரு நீர்வழிதான். பழைய மதில் சூழ்ந்த ரியாத் நகரத்துக்குக் கிழக்கே மழைக்காலத்தில் தண்ணீர் ஓடிய வாடி அது. அன்றைய ரியாத் கிணறுகளையும் பேரீச்சந்தோட்டங்களையும் நம்பி வாழ்ந்த ஊர். இன்று நாம் குளிக்கவும் குடிக்கவும் வரும் தண்ணீரில் பெரும்பங்கு, வளைகுடாக் கரையில் உப்பு நீக்கப்பட்டு, நானூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து, கடல் மட்டத்துக்கு 600 மீட்டர் மேலே இருக்கும் இந்த நகரத்துக்கு ஏற்றப்படுகிறது. இதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் நாம் ஊர்ச் சொத்து விஷயத்தில் மட்டும் தண்ணீரை மறந்துவிடக் கூடாது.

முதலில் அடிப்படை. நிலம் என் பெயரில் இருக்கிறது என்றால் சட்டத்தில் என்ன பொருள்? அதில் குடியிருக்கலாம், உழலாம், குத்தகைக்கு விடலாம், விற்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், அத்துமீறி நுழைபவரைத் தடுக்கலாம். நில உரிமை என்பது இப்படிப் பல உரிமைகள் சேர்ந்தது. ஒவ்வொன்றையும் தனியே பிரித்துக் கொடுக்கவும் முடியும். ஆனால் அந்த நிலத்தின் அடியில் இருப்பதும், குறுக்கே ஓடுவதும் எந்த அளவுக்கு நமக்குச் சொந்தம் என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது. சவூதி அரேபியாவின் 1992-ஆம் ஆண்டு ஆட்சி அடிப்படைச் சட்டம், மண்ணுக்கு அடியிலும் மேலும் கடல் எல்லைக்குள்ளும் இறைவன் அருளிய செல்வங்கள் அரசின் உடைமை என்கிறது. இங்கே சொந்தத் தோட்டத்தில் கிணறு வெட்டவும் அமைச்சகத்தின் அனுமதி வேண்டும்.

நம் ஊரில் நிலைமை வேறு. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 7-ஆவது பிரிவு தண்ணீரை இரண்டாகப் பிரிக்கிறது. குறிப்பிட்ட தடம் ஏதுமில்லாமல் நிலத்துக்கு அடியில் ஊறி நிற்கும் நீரையும், நிலத்தின் மேல் பரவி நிற்கும் நீரையும் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொள்ளவும் பயன்படுத்தவும் நில உரிமையாளருக்கு உரிமை உண்டு. ஆறாகவோ ஓடையாகவோ தடம் பிடித்து ஓடும் நீர் அப்படியல்ல. கரையில் நிலம் வைத்திருப்பவர் குடிக்கவும், வீட்டுத் தேவைக்கும், மாடு கன்றுக்கும் எடுக்கலாம். கீழே இருக்கும் கரைக்காரருக்குப் பெரிய பாதிப்பு வராத அளவுக்குப் பாசனத்துக்கும் எடுக்கலாம். இயற்கையான தடங்களில் ஓடும் நீரை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்பதையும் அதே சட்டம் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆற்றுநீரை எந்த மாநிலமும் தனக்கு மட்டுமே சொந்தம் என்று உரிமை கொண்டாட முடியாது என்று 2018 பிப்ரவரியில் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஓடும் நீரில் பக்கத்துக்காரருக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு அடியில் ஊறி நிற்கும் நீரில் இல்லை. அதுதான் நம் ஊர்களின் பெரிய துன்பம். ஒருவர் முந்நூறு அடி போர் போட்டால், பக்கத்துத் தோட்டக்காரர் ஐந்நூறு அடி போடுகிறார். முதலாமவர் கடன் வாங்கி எண்ணூறுக்கு இறங்குகிறார். கோவை, திருப்பூர்ப் பக்கம் ஆயிரம் அடியைத் தாண்டியும் புழுதி பறக்கும் போர்கள் உண்டு. எல்லோரும் அவரவர் எல்லைக்குள்தான் துளை போட்டார்கள். ஆனால் அடியில் இருந்த தண்ணீருக்கு எல்லைக் கல் கிடையாது. தமிழ்நாடு 2003-இல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றியது. நடைமுறைக்கு வராமலே 2013-இல் அது நீக்கப்பட்டது.

பக்கத்துக் கேரளத்தில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. பாலக்காடு மாவட்டம் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை எடுத்த நிலத்தடி நீரைப் பற்றி 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, அது மக்களுக்குப் பொதுவான செல்வம், அரசு அதற்கு அறங்காவலர் என்றார். 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்காமல், நில உரிமையாளர் நியாயமான அளவுக்கு எடுக்கலாம் என்றது. ஆலை 2004-இலேயே நின்றுபோனது. தத்துவக் கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை.

இதே கேள்வியின் இன்னொரு முனை ரியாத்திலேயே இருக்கிறது. சவூதி அரேபியா ஒரு காலத்தில் ஆழ்கிணறுகளை நம்பிக் கோதுமை விளைவித்து ஏற்றுமதியும் செய்தது. பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த, மழையால் மீண்டும் நிரம்பாத நீர் அது. அது வற்றுவதைக் கண்ட அரசு 2008-இல் கோதுமைக் கொள்முதலைப் படிப்படியாகக் குறைக்க முடிவு செய்து, 2016-இல் முடித்துவைத்தது. மாட்டுத் தீவனமும் வெளியிலிருந்து வர வேண்டியதாயிற்று. நம் பக்காலா மளிகைக் கடைகளில் லபனும் பாலும் அடுக்கி வைத்திருக்கும் அல்மராய் நிறுவனம் 2014-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஏறத்தாழ 10 ஆயிரம் ஏக்கரை 4.75 கோடி டாலருக்கு வாங்கி, குதிரைமசால் பயிரிட்டது. அந்த மாநிலத்தின் பல கிராமப் பகுதிகளில் நிலம் வைத்திருப்பவர் அடியிலிருக்கும் நீரை அளவுக் கட்டுப்பாடு இல்லாமல் இறைக்கலாம். வாங்கியது நிலம், கூடவே கைக்கு வந்தது தண்ணீர். சுற்றுவட்டாரக் கிணறுகள் இறங்க, எதிர்ப்பு கிளம்பியது. 2023 அக்டோபரில் அம்மாநில ஆளுநர் வேறொரு பள்ளத்தாக்கில் இருந்த அரசு நிலக் குத்தகைகளை அந்நிறுவனத்தின் துணை நிறுவனத்திடமிருந்து விலக்கிக்கொள்ளும் நடவடிக்கையை அறிவித்தார். 2024 டிசம்பரில் அட்டர்னி ஜெனரல் வழக்கும் தொடுத்தார்.

தண்ணீர் குறைவான இடத்தில் மக்கள் சேர்ந்து வாழ்வதற்கு வேறு வழியே இல்லையா? உண்டு. அதையும் வளைகுடாவே காட்டுகிறது. ஓமானில் சுமார் மூவாயிரம் ஃபலஜ்கள் இன்றும் ஓடுகின்றன. மலையடிவாரத்து ஊற்றிலிருந்து சரிவு பார்த்து வெட்டிய சுரங்க வாய்க்கால் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவருவதுதான் ஃபலஜ். நிஸ்வாவின் ஃபலஜ் தாரிஸ் உட்பட ஐந்து ஃபலஜ்களை யுனெஸ்கோ 2006-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அமீரகத்து அல் ஐனின் சோலைகளும் ஃபலஜ்களும் 2011-இல் சேர்ந்தன.

அங்கே தண்ணீரை அளப்பது நேரத்தால். சுமார் அரை மணி நேரப் பாய்ச்சல் ஓர் ‘அதர்’. தரையில் நட்ட கம்பின் நிழல் கோடுகளைத் தாண்டுவதைப் பார்த்துப் பகல் முறை மாறும். இரவில் நட்சத்திரம் பார்த்து மாற்றினார்கள். இப்போது கைக்கடிகாரமும் உண்டு. பல ஃபலஜ்களில் இந்த நேரப் பங்கு நிலத்திலிருந்து தனியான சொத்து. தோட்டம் இல்லாதவருக்கும் அரை மணி நேரத் தண்ணீர் சொந்தமாக இருக்கலாம். அதை விற்கலாம், வாடகைக்கு விடலாம், மகளுக்கு விட்டுச் செல்லலாம், பள்ளிவாசலுக்கு வக்ஃப் செய்யலாம். சில பங்குகளை ஏலம் விட்டு அந்தப் பணத்தில் வாய்க்காலைத் தூர்வாருவார்கள். ‘வக்கீல்’ எனப்படும் பொறுப்பாளர் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்வார். ஆனால் வாய்க்கால் ஊருக்குள் நுழையும் முதல் இடத்தில் குடிநீர் எடுப்பதற்கு எந்தப் பங்கும் தேவையில்லை. குடிநீருக்குப் பிறகுதான் குளியல், அதற்கும் பிறகுதான் தோட்டம்.

இந்த வரிசைக்குப் பின்னால் இஸ்லாமியச் சட்டத்தின் பழைய கொள்கை ஒன்று இருக்கிறது. தாகத்தோடு வரும் மனிதருக்கும் கால்நடைக்கும் தண்ணீரை மறுக்கக் கூடாது. கிணறு வெட்டியவருக்கு அதில் முன்னுரிமை உண்டு. யாருக்கும் சொந்தமில்லாத தரிசில் வெட்டிய கிணறானால், அதைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் இன்னொருவர் கிணறு வெட்டித் தண்ணீரைப் பிடுங்கவும் முடியாது. உஸ்மானியப் பேரரசு 1870-களில் தொகுத்து முடித்த ‘மஜல்லா’ சட்டத் தொகுப்பு இந்தத் தூரத்தை நாற்பது முழம் என்று எழுதி வைத்தது. போர்க்குழாய்ப் போட்டியில் தவிக்கும் நம் ஊர்களுக்கு இப்படி ஒரு விதி எவ்வளவு தேவை!

தண்ணீரை முறை வைத்துப் பகிரும் பழக்கம் நமக்கும் இல்லாமல் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919-லும் 921-லும், ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் இருந்ததைச் சொல்கின்றன. ஏரிப் பாசன ஊர்களில் மடை திறக்கும் நீர்க்கட்டி எந்த வயலுக்கு எப்போது என்று முறை வைத்துத் தண்ணீர் விட்டதைக் கண்டு வளர்ந்த வாசகர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து வாசகர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கும் அந்தக் குடாநாட்டுக்கு ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை, கிணறுதான் உயிர். அங்கே காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் பங்கும் எழுதுவது வழக்கம். பங்குக்காரர் தன் பங்கை விற்க நினைத்தால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்க வேண்டும் என்ற தேசவழமைச் சட்டத்தின் முன்வாங்கும் உரிமை, ஒல்லாந்தர் காலத்தில் 1707-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்டு, இன்றும் சட்டமாக இருக்கிறது. இஸ்லாமியச் சட்டத்தில் ஷுஃப்ஆ என்னும் முன்வாங்கும் உரிமையிலும் இதே அக்கறைதான். ஒரே கிணற்றில் இறைப்பவர்களுக்கு நடுவில் அந்நியர் வந்து விழுந்தால் முறை குலையும் என்பதை இரண்டு சமூகங்களும் அறிந்திருந்தன.

இனி நம் கைக்காசு போகும் இடத்துக்கு வருவோம். வெளிநாட்டில் வேலைக்கு வந்துவிட்ட இந்தியர், அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, ஊரில் வீடோ மனையோ கடையோ வாங்கலாம். வயல், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றைப் பொது அனுமதியின் கீழ் விலை கொடுத்து வாங்க முடியாது; தானமாகப் பெறவும் முடியாது. வாரிசாகப் பெறலாம். வெளிநாடு வருவதற்கு முன் வாங்கியதை வைத்துக்கொள்ளலாம். மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. போனை நீட்டி ஏக்கர் கணக்கு பேசும் தம்பிகளில் பலருக்கு இது தெரிவதில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதை அறிந்த வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆகவே நமக்கு விவசாய நிலம் பெரும்பாலும் பாகப்பிரிவினையில்தான் வருகிறது. தண்ணீர் கைநழுவுவதும் அங்கேதான். மூன்று அண்ணன் தம்பிகள், ஒரு கிணறு. ஊரில் இருக்கும் இருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசி முடிக்கிறார்கள். ரியாத்தில் இருப்பவர் தூதரகத்தில் பவர் பத்திரத்துக்குச் சான்று வாங்கி அனுப்புகிறார், பத்திரத்தின் சொத்து விவரப் பக்கத்தைப் படிக்காமலே. ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது பாகம் இருக்கிறது, பாய்ச்சத் தண்ணீர் இல்லை. இதில் யாரும் யாரையும் ஏமாற்றியிருக்க வேண்டிய அவசியமில்லை. எழுதாமல் விட்டதே போதும்.

ஒழுங்காக எழுதிய பத்திரத்தில் சொத்து விவரத்தின் கடைசிப் பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கும்: “மேற்படி பூமியில் உள்ள கிணற்றில் பொதுவில் 3-ல் 1 பாகமும், 5 எச்.பி. மின்மோட்டார் பம்ப்செட், மின் இணைப்பு, குழாய்த் தளவாடங்களில் 3-ல் 1 பாகமும், முறை வைத்துத் தண்ணீர் இறைத்துப் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியமும், வாய்க்கால் பாத்தியமும், மாமூல் வண்டித்தடத்தில் போக வர உள்ள பாத்தியமும் சகிதம்.” ஒரே மூச்சில் ஓடும் இந்த வாக்கியத்தில் மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. கிணற்றில் மூன்றில் ஒரு பாகம் என்பது சொத்து; கிணறு அண்ணன் பாகத்துச் சர்வே எண்ணுக்குள் விழுந்தாலும் அந்தப் பங்கு உங்களுடையது. முறை என்பது பங்காளிகளுக்குள் உள்ள ஏற்பாடு. எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதினால்தான் அது நிற்கும். வாய்க்காலும் தடமும் அடுத்தவர் மண்ணின் மேல் உங்களுக்குள்ள வசதியுரிமை. மண் அவருடையது, அதன் வழியே தண்ணீரைக் கொண்டுபோவதும் நடப்பதும் உங்கள் உரிமை.

வசதியுரிமை நிலத்தோடு ஒட்டியது. நிலம் கைமாறினால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அதுவும் கூடவே போகும். எழுத்தே இல்லாமலும் அது உண்டாகலாம். அடுத்தவர் வரப்போரம் இருபது ஆண்டுகள் வெளிப்படையாக, இடையூறில்லாமல், உரிமையோடு வாய்க்கால் ஓட்டியிருந்தால் சட்டம் அதை ஏற்கும். அரசு நிலமென்றால் முப்பது ஆண்டுகள். குடும்ப நிலம் பிரியும்போது, ஒரு பாகத்துக்கு இன்னொன்றின் வழியேதான் தண்ணீர் வந்தாக வேண்டும் என்றால் அந்த அவசியத்தையும் சட்டம் மதிக்கிறது. ஆனால் இதையெல்லாம் நிரூபிக்கச் சாட்சி வேண்டும், வழக்கு வேண்டும், வருடங்கள் வேண்டும். விடுமுறைக்கு மட்டும் ஊர் வரும் நம்மால் அது ஆகிற காரியமா? தொடர்ந்து இருபது ஆண்டுகள் அனுபவிக்காமல் விட்டால் வசதியுரிமை அழிந்துபோகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். நிலத்தையே இன்னொருவர் உங்களுக்கு எதிரான உரிமையோடு பன்னிரண்டு ஆண்டுகள் வெளிப்படையாக அனுபவித்துவிட்டால் அதை மீட்பதும் கடினம்.

பொது நீர்நிலை விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஏரி, கண்மாய், குளம், ஓடை, வாய்க்கால் என்று வருவாய்ப் பதிவேட்டில் புறம்போக்காக இருக்கும் இடம் யாருக்கும் தனிச் சொத்தாகாது. ஊர்க் குளங்கள் சமுதாயத்தின் சொத்து, அவற்றை மனையாக்கக் கூடாது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் ஹிஞ்ச்லால் திவாரி வழக்கில் சொன்னது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. ஏரி உள்வாயில் வீடு கட்டி, மழையில் மூழ்கி, பிறகு இடிபடும் வளைகுடாச் சேமிப்பைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

ஆகவே அட்வான்ஸுக்கும் கையெழுத்துக்கும் முன்னால், நம்பகமான ஒருவரை நிலத்துக்கு நேரில் அனுப்புங்கள். கையில் புலப்பட நகல் இருக்கட்டும். ஓடையும் வாய்க்காலும் எந்தப் பக்கம் வருகின்றன என்று படத்தையும் தரையையும் ஒத்துப் பார்க்கட்டும். அ-பதிவேட்டில் நிலத்தின் வகை என்ன, அடங்கலில் என்ன பயிர் ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றை மட்டும் நம்பாமல் மூலப் பத்திரத்தைத் தேடி எடுத்து, அதில் கிணற்றுப் பங்கு எத்தனை என்று படிக்க வேண்டும். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அதுவே உரிமைப் பத்திரமாகிவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, எல்லோருடைய பங்கும் அதில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரிடம் கோடையில் கிணறு எப்படி என்று விசாரித்தால் எந்த ஆவணத்திலும் இல்லாத உண்மை கிடைக்கும்.

பவர் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. இங்கிருந்து அனுப்பும் பவர் பத்திரத்துக்கு, அது இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். அடுத்து, பொது அதிகாரப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு நிலம் வாங்கிவிட்டோம் என்று நினைப்பவர்கள், 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அறிய வேண்டும்: பதிவு செய்த கிரயப் பத்திரம்தான் உரிமையை மாற்றும்.

சகோதரிகளையும் மறக்காதீர்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில், அப்போது மணமாகாதிருந்த மகளுக்குச் சம பங்கு தந்துவிட்டார்கள். 2005-இல் நாடு முழுவதும் வந்தது. முஸ்லிம் குடும்பங்களில் மகளின் பங்கு ஷரீஅத்திலேயே விதிக்கப்பட்டது. தங்கைக்கு எழுதும் பாகத்தில் மண்ணை மட்டும் எழுதி, கிணற்றுப் பங்கை விட்டுவிடுவது பெரும் அநியாயம். அவளுக்கும் முறை வேண்டும்.

பாலைவனத்தில் உழைத்துத் தண்ணீரின் அருமை அறிந்தவர்கள் நாம். பங்கு என்பது தனக்கு எழுதி வாங்குவது மட்டுமல்ல, பக்கத்துக்காரருக்கு விட்டுக்கொடுப்பதும்தான். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். அண்ணன், தம்பி, தங்கை, பங்காளி என்று கிணற்றில் பங்குள்ள அத்தனை பேரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். யாருக்கு எத்தனை பங்கு, எந்தக் கிழமை யார் முறை, மோட்டார் பழுதானால் செலவு எப்படி, தூர்வாருவது எப்போது, கிணறு வற்றினால் குடிநீருக்கு முதல் இடம் என்று பேசி முடித்து, வழக்கறிஞரை வைத்து எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு விமானம் ஏறுங்கள். உங்கள் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் ஒரே வரப்பில் சண்டையில்லாமல் நடப்பதற்கு இதைவிடப் பெரிய சேமிப்பு இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்